கன்னியம்மா என்று எழுதிய படம்

அக்கா,

பக்கத்து செல்போன் கடை ஷட்டருக்கு இன்று காலை பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். டர்பன்டைன் வாசனை தட்டியைத் தாண்டி என் கடைக்குள் வந்தது. கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த வாசனை வந்தால் பின்னாலேயே நீங்களும் வருவீர்கள் என்று இந்த உடம்பு பழகிப்போயிருக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "சாந்தி, டீ சொல்லிட்டியா?" என்று கேட்டபடி வருவீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனசுக்குத் தெரிந்த அந்தச் சேதி மூக்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். உங்களோடு பேசிப் பேசியே பழகியவள். எங்கேயாவது பேசியாக வேண்டியிருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் கடைக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தேரடிக்குப் போகிற தெருவில் என்னுடையது ஒரு பிரேம் கடை. காமாட்சி, வரதர், ஏகாம்பரநாதர், அதற்கப்புறம் கல்யாணப் போட்டோ, அதற்கப்புறம் செத்துப்போனவர்களின் போட்டோ. அவ்வளவுதான் இந்தக் கடைக்கு வருகிற முகங்கள். நீங்கள் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்த படத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பெண். முழங்கை வரைக்கும் குங்குமச் சிவப்பில் கைகள். மடியில் ஈர நூல்கட்டு.

"இது எந்த ஊரு அம்மன்க்கா?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பினார்கள். "அம்மன் இல்லமா. எங்க தெரு சாயப்பட்டறையில நூல் அலசற லூர்து" என்றீர்கள்.

எந்த பிரேம் வேண்டும் என்று மாதிரிகளைக் காட்டினேன். சன்னமான கறுப்புச் சட்டம், தேக்கு நிறச் சட்டம், அலுமினியம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். நீங்கள் எதையும் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய காமாட்சி படத்தைக் காட்டினீர்கள். பூவேலை செய்த தங்கநிறச் சட்டம் அது.

"அவங்களுக்குப் போட்டிருக்கியே, அதே பிரேம் போடு."

அன்றைக்கு எனக்கு அது ஒரு வினோதமான ஆசையாகத்தான் பட்டது. போட்டுக் கொடுத்தேன். சட்டத்துக்குள் உட்கார்ந்ததும் லூர்துவின் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது முறை நீங்கள் வந்தபோது டீ சொன்னேன். மூன்றாவது முறை வந்தபோது நாம் சிநேகிதிகளாகிவிட்டோம்.

பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை உங்களுடையது. பகலெல்லாம் பட்டுக் கடைக்காரர்களுக்குப் புடவை டிசைன் போடுவீர்கள். கட்டம் போட்ட தாளில் மாங்காயும் அன்னமும் யாளியுமாக நிரப்புவீர்கள். "கட்டத்துக்குள்ளயே கண்ணு சுத்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்" என்று சொல்லி, பொழுது சாயும்போது படம் வரைய உட்காருவீர்கள். அந்தப் படங்களில் பட்டு கட்டிய பெண் ஒருத்தியும் இருக்கமாட்டாள். பேருந்து நிலையத்தின் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்ற திருநங்கை செண்பகம் இருந்தாள். லூர்து இருந்தாள். அப்புறம் கன்னியம்மா வந்தார்.

கன்னியம்மா எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். அவரை வரைய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. அவருக்கும் சம்மதம். ஆனால் உங்கள் அறைக்குப் போகிற மாடிப்படி அண்ணன் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அண்ணி சண்டை எதுவும் போடவில்லை. "படி வூட்டுக்குள்ள தானே இருக்குது" என்று மட்டும் சொன்னாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பலகையையும் வண்ணங்களையும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டீர்கள். "உன் கடைக்குப் பின்னால எடம் இருக்குதில்ல?" என்றீர்கள். கேள்வி மாதிரிதான் கேட்டீர்கள். அதற்குள் அங்கிருந்த அட்டைகளை ஒதுக்க ஆரம்பித்திருந்தீர்கள்.

முதல் நாள் கன்னியம்மா நாற்காலியில் உட்காரவில்லை. "தரையே போதும்மா" என்றார். நீங்கள் வற்புறுத்தவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழங்கால் வலியோடு நீங்களும் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? நீங்களாவது மேல ஒக்காருங்க" என்றேன்.

"மேலேர்ந்து பாத்து வரைஞ்சா எல்லாருமே குள்ளமாத்தான் தெரிவாங்க சாந்தி" என்றீர்கள்.

அன்று நீங்கள் பென்சிலையே எடுக்கவில்லை. கன்னியம்மாவின் பல்வலியைப் பற்றிப் பேசினீர்கள். தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினீர்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிற அவர் மகள் பவித்ராவைப் பற்றிப் பேசினீர்கள். மகள் பேச்சு வந்தபோதுதான் கன்னியம்மா முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினார். மறுநாள் புடவைக்கு மேல் போட்டிருந்த வேலைக் கோட்டைக் காட்டி அவராகவே கேட்டார்.

"இந்தக் கோட்டக் கழட்டிடவாமா? ஒரே அழுக்கா இருக்குது."

"உனக்கு எப்படி இருக்கணும்னு தோணுது?"

கன்னியம்மாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கோட்டு இருக்கட்டும்மா. நான் செய்யற வேல அதான? ஆனா தலையில பூ வையி. டூட்டியில பூ வெச்சிக்கினு போனா மேஸ்திரி ஒரு மாதிரி பேசுவான்."

அப்படித்தான் அந்தப் படம் வந்தது. கருட சேவை முடிந்த மறுநாள் காலைத் தெரு. நசுங்கிய துளசி, காகித டம்ளர்கள், ஜோடி இழந்த செருப்புகள். நடுவில் கன்னியம்மா, நீளக் கம்புத் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். வேலைக் கோட்டு, கழுத்து வரைக்கும் தொங்குகிற மல்லிகைச் சரம். கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. எதிரே நிற்பவர்தான் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். முடிந்த அன்று கன்னியம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "நான் இவ்ளோ உசரமாமா?" என்று கேட்டார்.

"அவ்ளோ உசரந்தான்" என்றீர்கள்.

அதற்கும் காமாட்சி சட்டம்தான். போட்டு முடித்ததும் கன்னியம்மா தன் முந்தானையால் சட்டத்தின் பூவேலையை ஒவ்வொரு இதழாகத் துடைத்தார்.

ஆடி மாதம் வந்தது. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் மண்டபத்துக்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தைக் கண்காட்சிக்கு விட்டுக்கொடுத்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரே நிபந்தனை. ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம். எத்தனை கழுவியும் அந்தக் கூடத்தில் சாம்பார் வாசனை போகவில்லை. "பரவால்ல, பாக்க வரவங்களுக்குப் பசி எடுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படத்துக்கும் கீழே தலைப்பு எழுதிய அட்டைகளை ஒட்டினீர்கள். லூர்துவுக்கு 'சிவப்பு', செண்பகத்துக்கு 'விடியல்', கன்னியம்மாவுக்கு 'உழைப்பு'.

அந்தச் சாயங்காலம்தான் பவித்ரா வந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் படத்தைப் பார்த்தாள். உடனே திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, அம்மா படத்த மட்டும் எடுத்துடுங்கக்கா."

நீங்கள் ஏணியிலிருந்து இறங்கினீர்கள்.

"ஆவணியில நிச்சயம் வெச்சிருக்குது. மாப்பிள வூட்டுக்காரங்களுக்கு வாலாஜாபாத். அம்மா முனிசிபாலிட்டியில வேலைன்னு சொல்லியிருக்கோம். அது பொய் இல்லக்கா. ஆனா இந்தத் தொடப்பத்தோட…"

"பையனுக்காவது தெரியுமா?"

"சொல்லணும்னுதான் இருக்கேன். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துட்டு நின்னுடுது." பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா. ஒடஞ்சி போயிடும்."

அவள் போன பிறகு நீங்கள் கயிற்றை அவிழ்த்து, படத்தை இறக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தீர்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நீங்க வரைஞ்சதுலயே இதுதான்க்கா பெரிய படம். இத்தன மாசம் ஒழைச்சிருக்கீங்க" என்றேன்.

"படம் கம்பியில தொங்குது சாந்தி. அந்தப் பொண்ணு ஊருக்குள்ள நடந்து போகணும்."

நீங்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் பகலில் கன்னியம்மா அந்த வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வேலை முடிந்து குளித்துவிட்டு, மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தலையில் பூ. கூடவே, அவரோடு தெருப் பெருக்கும் பெண்கள். எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் வருவதுபோல் வந்தார்கள். கன்னியம்மா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் நடை மெதுவாகிவிட்டது.

"எங்கமா என் படம்?"

"பிரேம் வேலை இன்னும் கொஞ்சம்…" என்று இழுத்தீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது அக்கா. கடைசி வரைக்கும் வரவில்லை.

"பிரேமு போட்டாச்சேமா. நானே தொடச்சனே, இந்தம்மா கடையில" என்று என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கூட வந்த பெண்களுக்குக் கேட்காதபடி, நடந்ததைச் சொன்னீர்கள்.

கன்னியம்மா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். "அதோட பயம் எனக்குத் தெரியும்மா" என்றார். "அது படிச்ச ஸ்கூலுத் தெருவ நான்தான் பெருக்கினேன். மணி அடிக்கற நேரத்துக்கு முந்தானையால மூஞ்ச மூடிக்குவேன். கூடப் படிக்கற பசங்க பாத்துட்டா அதுக்கு அசிங்கமாயிடுமேன்னு. அது கேட்டுக்கினதுல தப்பே இல்ல." பிறகு நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். படத்தில் இருக்கிற அதே பார்வை. "ஆனா நீ பூ வெக்கணுமா, கோட்டு இருக்கணுமான்னு எல்லாம் என்னக் கேட்டுக் கேட்டு வரைஞ்ச. எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் என்னக் கேக்கலியேமா."

நீங்கள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தீர்கள். "கேட்டிருக்கணும் கன்னியம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"எழுந்திரும்மா, முட்டி வலிக்கப் போவுது" என்று அவரே உங்களைத் தூக்கிவிட்டார். "நான் வூட்ல பேசிட்டு வரேன். அதுவரைக்கும் மாட்டாத." கூட வந்தவர்களுக்கு லூர்துவையும் செண்பகத்தையும் காட்டிவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு போனார். வாசலில் ஒருத்தி, "உன் படம் எங்கடி?" என்று கேட்டது காதில் விழுந்தது. "வரும், வரும்" என்றார்.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அவிழ்த்த கயிறு ஜன்னல் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் மத்தியானம் கன்னியம்மா தனியாக வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "பேசிட்டம்மா. அதுவும் அழுதுச்சி, நானும் அழுதேன். அப்புறம் அதுவே போன எடுத்துக்கினு வெளிய போயி பையன்கிட்ட சொல்லிட்டு வந்துச்சி. உன் மேல கோவமாத்தான் இருக்குது, சொல்லாதன்னு சொல்லியும் சொல்லிட்டியேன்னு."

"பையன் என்ன சொன்னான்?"

"அம்மாகிட்ட பேசணும்னானாம். இன்னும் ஒண்ணும் தெரியல."

"அப்ப கொஞ்சம் பொறுக்கலாமே கன்னியம்மா. சேதி வரட்டுமே."

"வேணாம்மா. மாட்டு. பவித்ராவே சொல்லிடுச்சி, மாட்டச் சொல்லுன்னு."

மாட்டினோம். நான் கயிற்றைப் பிடித்தேன், நீங்கள் முடிச்சுப் போட்டீர்கள். கன்னியம்மா தள்ளி நின்று, இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சரிசெய்யச் சொன்னார். பிறகு கீழே இருந்த அட்டையைப் பார்த்து, "இன்னாமா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"உழைப்பு."

"உழைப்புன்னா யாரு?"

நீங்கள் அந்த அட்டையை மறுபடி படித்தீர்கள்.

"எத்தினி பேரு பாக்க வராங்க. யாருடி இவன்னு தெரிய வேணாமா? எம் பேரு போடும்மா."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. உதட்டில் சிரிப்பும் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து புது அட்டை வெட்டினீர்கள். 'கன்னியம்மா' என்று எழுதினீர்கள். அவருடையதோடு நிறுத்தவில்லை. 'சிவப்பு' போய் 'லூர்து' வந்தாள். 'விடியல்' போய் 'செண்பகம்' வந்தாள். செண்பகம் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, அந்த அட்டையைத்தான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். "நானா வெச்சிக்கின பேருக்கா இது. எங்க வூட்ல ஒருத்தர் கூட இதச் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது" என்றாள்.

கண்காட்சியின் கடைசி நாள். ஓர் அம்மாள் தனியாக வந்தார். பையில் குடை நீட்டிக்கொண்டிருந்தது. யாரென்று நமக்குத் தெரியாது. மற்ற படங்களைப் பார்க்காமல் கன்னியம்மாவின் முன்னால் போய் நின்றார். அட்டையை வாய்விட்டு எழுத்துக் கூட்டினார். படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு உங்களிடம் வந்து, "நீங்க வரைஞ்சதாமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"கண்ணு அப்படியே எங்க மருமவ கண்ணு" என்றார்.

மருமவ! அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிவாகிவிட்டது அக்கா. உங்கள் விரல்கள் என் மணிக்கட்டை அழுத்திய இடம் அன்று முழுக்கச் சிவந்திருந்தது. அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தோம். குடித்துவிட்டு, வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.

கல்யாணத்தில் பவித்ரா உங்களை மேடைக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளையிடம், "எங்க அம்மாவ வரைஞ்சவங்க இவங்கதான்" என்றாள். நீங்கள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தீர்கள். அந்தப் படத்தைத்தான் அவளுக்குச் சீராகக் கொடுத்திருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் நிறைய வரையவில்லை. உடம்பு விடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வேலை முடிந்ததும் கன்னியம்மா வந்துவிடுவார். உங்கள் தலையைச் சீவி, ஒரு கிள்ளு பூ வைத்துவிடுவார். வார்டு நர்ஸ் ஒருத்தி, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கன்னியம்மா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் கண்ணைத் திறக்காமல், "தங்கச்சி" என்றீர்கள்.

நீங்கள் போன அன்று பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. கன்னியம்மா வேலைக் கோட்டோடு ஓடிவந்து வாசல்படிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வெளியே வந்தார். தடுக்கப் போகிறார் என்று நானும் எழுந்தேன். அண்ணி கன்னியம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அது நடந்திருக்கலாம் என்று நினைத்தேன். நடந்ததே என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

கன்னியம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. பவித்ராவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வாலாஜாபாத் போய்விட்டார். ஊருக்கு வந்தால் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

எனக்கு வரையத் தெரியாது அக்கா. உங்களிடமிருந்து பென்சில் பிடிக்கக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. என்னிடம் தங்கியிருப்பது ஒரு சின்னப் பழக்கம்தான்.

எங்கள் தெருவைப் பெருக்க இப்போது ஒரு புதுப் பெண் வருகிறாள். போன வாரம் கடை திறக்கும் நேரத்தில் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், "உன் பேரு என்னமா?" என்று கேட்டேன்.

துடைப்பம் நின்றுவிட்டது. அவள் முகத்தில் பயம். வாசலைத் திரும்பிப் பார்த்தாள், குப்பை எங்காவது மிச்சமிருக்கிறதா என்று.

"எதுக்குக்கா? கம்ப்ளெய்ன்ட் குடுக்கவா?"

"இல்லமா" என்றேன். "கூப்பிடத்தான்."